தவறணை வரிசையும் புதுக்கடைப் படிகளும்: போதைப்பொருளுக்கு மூன்று வழிகள்

போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கு முந்தைய மாலையில் கொழும்பு கொட்டாஞ்சேனையில், தவறணை எனும் மதுக்கடையின் வாசலில் நீளும் வரிசை எவருக்கும் வெட்கம் தருவதில்லை. மறுநாள் கடை பூட்டு என்பதால், அரைப் போத்தல் சாராயத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு போகிறவர் சட்டத்தின் கண்ணில் வெறும் வாடிக்கையாளர். அதே சந்தில் ஒரு கஞ்சாச் சுருட்டோடு பிடிபடுகிறவர் சந்தேகநபர். பொருளின் கெடுதியை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை நியாயப்படுத்த முடியாது. ஈரலையும் குடும்பத்தையும் கெடுப்பதில் சாராயம் எதற்கும் பின்நின்றதில்லை. ஆகவே, கெடுதியைத் தடுக்க அரசு எடுக்கும் வழியால் அடிபடுவது யார் என்பதை வைத்தே மூன்று வழிகளையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலாவது தடை. இலங்கையில் நமது அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 இல் பிறந்தது. 1984 இன் திருத்தத்துக்குப் பின், 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். 2022 இல் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனுக்கு 5 கிராம் என்ற எல்லை வந்தது. 1976 க்குப் பிறகு இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு கதை. 2019 இல் நான்கு பேரைத் தூக்கிலிட அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. தடையை ஆதரிப்போரின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. குடுவுக்கு, அதாவது ஹெரோயினுக்கு, அடிமையான மகன் வீட்டு காஸ் சிலிண்டரையும் விற்றுவிட்டதைப் பார்த்த ஒரு தாயிடம் தனிமனித சுதந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அடிமையானவன் முதலில் இழப்பதே அந்தச் சுதந்திரத்தைத்தான்.

ஆனால் அதே தாயைப் புதுக்கடை நீதிமன்றப் படிகளிலும் பார்க்கலாம். கையில் சோற்றுப் பார்சல், துவைத்து மடித்த ஒரு சேர்ட்; உள்ளே சிங்களத்தில் நடந்தது விளங்காமல், வெளியே வரும் சட்டத்தரணியிடம் "அடுத்த தவணை எப்ப தம்பி?" என்று கேட்பார். பிடிபட்ட பொருளைச் சோதிக்கும் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை, மீண்டும் விளக்கமறியல் என்பதே பதிலாக இருக்கும். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' எனும் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்ததும் இவ்வகைக் கைதுகளை முன்னிட்டே. படகில் சரக்கேற்றி அனுப்பியவரை இந்தப் படிகளில் காண்பது அரிது.

இரண்டாவது, உரிமம் கொடுத்து விற்பது. உருகுவே 2013 இலும் கனடா 2018 இலும் கஞ்சாவுக்கு இதைச் சட்டமாக்கின. தரமும் வயதெல்லையும் அரசின் கைக்கு வந்தன. நமக்கோ இதில் பழைய அனுபவம் உண்டு: சாராயம். மதுவரி திறைசேரியின் தூண்களில் ஒன்றான பின், குடிப்பவன் குறைய வேண்டும் என்று அரசு மனதார விரும்புமா? வரியை ஏற்றினால் ஏழை கசிப்பு எனும் கள்ளச் சாராயத்துக்குப் போகிறான், ஆக கள்ளச் சந்தையும் ஒழியவில்லை. தாய்லாந்து 2022 இல் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் காளானாக முளைத்தன. 2025 இல் மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது.

மூன்றாவது போர்த்துக்கல்லின் வழி. அங்கே 2001 முதல் விற்பனை குற்றமாகவே இருக்கிறது. சொந்தப் பாவனைக்கான அளவோடு பிடிபட்டவர் மட்டும் நீதிமன்றத்துக்குப் பதிலாக, சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தோர் அடங்கிய ஆணைக்குழுவின் முன் போகிறார். ஊசிவழி எச்.ஐ.வி. தொற்று அங்கே பெரிதும் குறைந்தது. பாவிப்பவரைத் தண்டிக்காமல் விற்பவரைத் தண்டிக்கும் இந்த வழியின் பக்கமே நான் நிற்கிறேன். ஆயினும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021 இல் தண்டனையை நீக்கிவிட்டு, சிகிச்சை நிலையங்களைப் பிந்தியே கட்டத் தொடங்கியது. 2024 இல் மறுபடியும் குற்றமாக்கியது.

நம்மிடம் சிகிச்சை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். தப்பியோட வேண்டிய இடத்தைச் சிகிச்சை நிலையம் என்று அழைப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முகத்துவாரத்துப் பையன் தான் வாழும் தோட்டக் குடியிருப்பிலிருந்து நடந்தே போய், தன் மொழியில் பேசி, பொலிஸ் பயமின்றித் திரும்பிவரக்கூடிய ஓர் அறை கொழும்பின் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும். சட்டத்திருத்தம் அதற்கு முன் வந்தால், அவனை விடுவிக்கும் பொலிஸ்காரர் அனுப்பிவைப்பது அதே சந்துக்குத்தான்.