வார்டுக்கு நாலு ஸ்டார், தீசிஸுக்கு ரெண்டு: எங்கள் மருத்துவமனை சாஃப்ட்வேர்

காகித கேஸ் ஷீட்டை நிறுத்திவிட்டு எங்கள் மருத்துவமனை கணினிப் பதிவுக்கு மாறியபோது நான் குழந்தைகள் நலப் பிரிவில் முதலாமாண்டு பி.ஜி., அதாவது மேற்படிப்பு மாணவி. "இனிமே ரெக்கார்டு ரூம்ல தூசி தட்ட வேண்டாம், உட்கார்ந்த இடத்துலயே டேட்டா வந்துரும்" என்றார்கள். அதை நம்பித்தான் தீசிஸ் தலைப்பை எடுத்தேன். மூச்சிரைப்போடு அட்மிட் ஆகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் யாருக்கு என்ன வைரஸ், யார் ஆக்ஸிஜன் வரை போகிறார்கள் என்பதுதான் கேள்வி. மூன்று வருடம் இந்த சாஃப்ட்வேரோடு குடித்தனம் நடத்தியாகிவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வேறு பெயரில் இதே பெட்டிகள்தான் உங்கள் திரையிலும் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இளைப்போடு வரும் குழந்தை போன வருடம் இங்கேயே படுத்திருந்ததா, அப்போது என்ன மருந்து கொடுத்தோம் என்பது ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்ணை)த் தட்டினால் வந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு மெஷினிலிருந்து நேராக வருவதால் கையெழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. மூச்சு எண்ணிக்கை, நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் நேரத்தோடு பதிவாகும். வைத்தியம் பார்க்க இது போதும். நாலு ஸ்டார் அதற்குத்தான்.

ஆராய்ச்சிக்காக அதனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

என் முதல் கேள்வி எளிமையானது. பிராங்கியோலைட்டிஸ் (நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்களில் வரும் அழற்சி) வந்த குழந்தைகள் யார் யார்? நோய்களுக்குக் குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் அதற்கு ஜே21 என்று குறியீடு இருக்கிறது. கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸால் வந்தது என்று உறுதியானால் தனியாக ஜே21.0. அதைப் போட்டுத் தேடினேன். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தது. மழைக்காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தை படுத்திருந்த வார்டு இது!

காரணம் சாஃப்ட்வேர் மட்டும் இல்லை, நாங்களும்தான். மாலை நாலு மணி, பில்லிங் கவுண்டரிலிருந்து மூன்றாவது முறை போன், அம்மா பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்த அவசரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியில் பி.ஜி. எழுதுவது 'எல்.ஆர்.டி.ஐ.' என்ற நாலு எழுத்து. ரெக்கார்டு பிரிவில் இருப்பவர் அதைப் பார்த்து ஜே22 என்று போடுவார். கீழ் சுவாசப்பாதையில் ஏதோ தொற்று, இன்னதென்று குறிப்பிடவில்லை என்று அர்த்தம். அதே இளைப்போடு பக்கத்து யூனிட்டில் படுத்திருந்த குழந்தைக்கு ஜே12.9, அதாவது வைரஸ் நிமோனியா. இன்னொரு யூனிட்டில் கைக்குழந்தைக்கே ஆஸ்துமா குறியீடு. கடைசியில் எல்லாக் குறியீட்டையும் அள்ளிப் போட்டு, ஒவ்வொரு பதிவாகத் திறந்து படித்துத்தான் பிரித்தேன். ரெக்கார்டு ரூம் தூசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் வயது. எக்செல் கோப்பாக இறக்கும்போது அது குழந்தையின் வயதை அட்மிட் ஆன தேதிக்குக் கணக்கிடாமல், பட்டனை அழுத்திய தேதிக்குக் கணக்கிடுகிறது. ஐந்து மாதத்தில் வந்த பாப்பா என் கோப்பில் மூன்று வயதுச் சிறுமி. 'இரண்டு வயதுக்குள்' என்று வடிகட்டினால் பழைய குழந்தைகள் எல்லாரும் மாயமாகிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பிறந்த தேதியையும் அட்மிஷன் தேதியையும் தனித்தனியாக இறக்கி நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

பெயரும் ஒரு கூத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. வரவேற்பில் இருப்பவர்கள் அப்பா பெயரைப் போடுவார்கள், அவசரத்தில் இனிஷியலை, இன்னும் அவசரத்தில் வெறும் முற்றுப்புள்ளியை. இங்கேயே பிறந்த குழந்தை 'பேபி ஆஃப்' என்று அம்மா பெயரில் இருக்கும். மூன்று மாதம் கழித்து இளைப்போடு வரும்போது பெயர் வைத்திருப்பார்கள், உடனே புது நம்பர். குறைமாதத்தில் பிறந்ததா என்பது முதல் நம்பரில், ஆர்.எஸ்.வி. வந்தது இரண்டாவது நம்பரில். குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் அந்த வைரஸ் ஆபத்து அதிகம் என்பதால் இந்த இரண்டையும் இணைக்காமல் என் தீசிஸே இல்லை. அம்மாவின் கைப்பேசி எண்ணை வைத்து இணைத்தேன். அதையும் வீட்டுக்காரர் மாற்றியிருந்தால் போச்சு.

ஆனால் உண்மையான பள்ளம் வெற்றுப் பெட்டியில் இருக்கிறது. 'வைரஸ் பரிசோதனை' என்ற பத்தியில் ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? பரிசோதனை செய்யவே இல்லையா? வீட்டார் செலவை யோசித்து வேண்டாம் என்றார்களா? எங்கள் ஊரில் மூக்கு ஸ்வாப் வெளி லேபுக்குப் போகும். முடிவு ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பாக 'மற்றவை' என்ற பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தேடல் பார்க்காது. ஆக, ஆர்.எஸ்.வி. பாசிட்டிவ் என்று கையில் வாங்கிப் படித்த குழந்தைக்கும் கோப்பில் வெற்றுப் பெட்டிதான். என் தீசிஸ் கைடு முதல் நாளே சொன்னார்: "எம்ப்டியா இருக்கிறதை எல்லாம் நெகட்டிவ்னு போட்டுடாதம்மா, வைவால தொங்க விட்டுருவாங்க."

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாதாரண பிராங்கியோலைட்டிஸுக்கு வைரஸ் பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டியின் நிலை. வைரஸ் எதுவானாலும் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான், சரியான பேச்சு. ஆனால் டாக்டர் எவ்வளவு ஒழுங்காக அதைப் பின்பற்றுகிறாரோ, என் பத்தி அவ்வளவு காலி. பரிசோதனை நடப்பது ஐ.சி.யு.வுக்குப் போன குழந்தைக்கும் வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கும்தான். அந்தக் கோப்பை அப்படியே நம்பினால், ஆர்.எஸ்.வி. வந்தாலே ஐ.சி.யு. என்று முடிவுக்கு வந்துவிடுவோம்.

சரி, பாசிட்டிவ் என்று இருந்தால் மட்டும் நிம்மதியா? கொரோனா காலத்தில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் மருத்துவமனையில் பாசிட்டிவாக அட்மிட் ஆன 117 பேரின் பதிவுகளைப் படித்துப் பார்த்து 2021இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் 53 பேர் அட்மிட் ஆனதற்கும் கொரோனாவுக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை. வேறு காரணத்துக்காக வந்தவர்கள், வழக்கப்படி ஸ்வாப் எடுத்ததில் மாட்டியவர்கள். குறியீட்டை மட்டும் எண்ணினால் 117. நம் வார்டில் சாதாரண சளி தரும் ரைனோ வைரஸும் இப்படித்தான். போன மாதச் சளியின் மிச்சம் இன்றைய ஸ்வாபில் தலைகாட்டும்.

இத்தனை புலம்பலுக்கு நடுவே இரண்டு இடத்தில் தங்கம் கிடைத்தது. ஒன்று, யாருமே படிக்காத நர்சிங் நோட்ஸ். 'பேபி பால் குடிக்கவில்லை, விலா உள்ளிழுக்கிறது, மேடத்துக்குத் தகவல் சொல்லப்பட்டது, 3.10' என்று இரவு ஷிஃப்ட் சிஸ்டர் தட்டி வைத்த ஒரு வரி. டாக்டர் குறிப்பில் அதே இரவுக்கு 'ஸ்டேபிள், சி.எஸ்.டி.' (நிலை சீராக உள்ளது, அதே வைத்தியம் தொடரவும்) என்று முந்தின நாள் காப்பி. (அந்த டாக்டர் நான்தான்.) இரண்டாவது, பில். ஹை ஃப்ளோ ஆக்ஸிஜன் (மூக்குக் குழாய் வழியே வேகமாகச் செலுத்துவது) எப்போது தொடங்கியது என்று எந்தக் குறிப்பிலும் நேரம் இருக்காது. ஆனால் அதற்கான டியூபை ஃபார்மசி எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பது நிமிடக் கணக்கில் இருக்கும். காசு விஷயத்தில் சாஃப்ட்வேர் பொய் சொல்வதில்லை.

பெயரை நீக்கித் தரும் பட்டனை மட்டும் நம்பி விடாதீர்கள். பெயர் போய்விடும், நர்சிங் நோட்ஸில் இருக்கும் அம்மாவின் போன் நம்பர் அப்படியே நிற்கும். எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் முன் கண்ணால் பாருங்கள்.

கடைசியில் நான் செய்தது, தேவையான கேள்விகளை மட்டும் வைத்து ரெட்கேப் என்ற ஆராய்ச்சித் தரவு சேகரிக்கும் மென்பொருளில் ஒரு படிவம் போட்டு, பதிவுகளைப் படித்துப் படித்துக் கையால் ஏற்றியதுதான். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவானது, லாப நோக்கில்லாத கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். அதில் வைரஸ் பத்திக்கு நாலு விடை வைத்தேன்: பாசிட்டிவ், நெகட்டிவ், செய்யவில்லை, தெரியவில்லை. எங்கள் சாஃப்ட்வேரில் இந்தக் கடைசி இரண்டும் இருந்திருந்தால் இன்னொரு ஸ்டார் கொடுத்திருப்பேன்.

வயதுப் பிழை, குடும்பப் பெயர், 'மற்றவை' மூன்றுக்கும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. வயது அடுத்த வெர்ஷனில் சரியாகுமாம். பி.டி.எஃப். பற்றிப் பேச்சே இல்லை. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு, "தற்போதைக்குப் புள்ளி வைக்கவும்."