கிராபி ஐந்து நாள் சுற்றுலா: கடலின் நேரம் பார்க்காத பயணத்திட்டம்

பெங்களூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூலம், தென் தாய்லாந்தின் கிராபி மாகாணத்துக்குச் சனவரி கடைசி வாரத்தில் ஐந்து நாள் பயணமாகச் சென்று வந்தோம். நான், மனைவி, ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள், அறுபத்தெட்டு வயதான அம்மா என நால்வர். தைப்பூசத்தன்று அம்மா அல்சூர் சுப்பிரமணியர் கோயிலில் இருந்தாக வேண்டும் என்பதால், பூசத்துக்கு முந்தைய நாள் இரவே ஊர் திரும்பும்படி தேதி குறித்தோம். ஆளுக்கு 58,000 ரூபாய் செலுத்தினோம். பாங்காக் வழியாகப் போகவர விமானம், ஆவ் நாங் கடற்கரையில் நான்கு இரவுத் தங்கல், காலையுணவு, இரண்டு படகுச் சுற்றுலாக்கள், புலிக்குகைக் கோயில் ஆகியவை அதில் அடங்கும். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. நான் குறையாகச் சொல்லவிருப்பது, பயணத்துக்கு முன் விசாரித்த வேறு மூன்று நிறுவனங்களின் திட்டங்களிலும் அப்படியே இருந்தது.

முதலில் அவர்கள் செய்த நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதி கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே அமைதியான இடத்தில் இருந்தது. மின்தூக்கி இருந்ததால் அம்மா படியேறவே நேரவில்லை. விமான நிலையத்துக்கு வந்த ஓட்டுநர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். எல்லாவற்றையும்விட உதவியது, தாய்லாந்து மொழியில் அச்சிட்டு அவர்கள் கொடுத்தனுப்பிய ஒரு சிறிய அட்டை. இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. மீன் சாறு அங்கே நம் ஊர்ப் புளிக்கரைசலைப் போல எல்லாவற்றிலும் விழும்; காய்கறி வறுவல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் அது இருக்கும். சாலையோரக் கடைக்காரப் பெண்மணி அட்டையை வாசித்துவிட்டு, தனி வாணலியைக் கழுவி அடுப்பில் வைத்து அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்தார். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்டிருக்கும் கடைகளில் அட்டைகூடத் தேவையில்லை. அவை முழுச் சைவக் கடைகள்.

இனி குறைக்கு வருகிறேன். சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. அங்கே இந்த ஏற்ற வற்றத்தின், அதாவது ஓதத்தின், அளவு குறைவு. கிராபியில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம் என்று மாறி மாறி வரும் இந்த ஓதம், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். எந்தத் தீவில் எப்போது கால் வைக்கலாம், எந்தக் கரையில் படகு அணையும், எந்தக் குளத்தின் நீர் தெளிந்திருக்கும் என்பதையெல்லாம் இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது. எங்களுக்குத் தரப்பட்ட பயணத்திட்டத்திலோ ஆண்டின் எந்த நாளாக இருந்தாலும் காலை ஒன்பது மணிக்குப் படகு என்று இருந்தது.

அதன் விளைவை 'நான்கு தீவு' சுற்றுலாவில் கண்டோம். அச்சுற்றுலாவின் உயிரே தலே வேக் என்னும் இடம்தான். தப் தீவு, மோர் தீவு, கோழித் தீவு ஆகிய மூன்றையும் இணைக்கும் வெண்மணல் திட்டு, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும்; கடல் ஏறினால் மூன்றும் தனித்தனித் தீவுகளாகிவிடும். 'பிரிந்த கடல்' என்பதே அப்பெயரின் பொருள். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில், காலை பத்து மணிக்கு எங்கள் படகு அங்கே போய் நின்றது. மணல் திட்டு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவுக்கு நீர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் நிறுத்திவிட்டுப் படகை எடுத்துவிட்டார்கள். பகல் ஒன்றரை மணியளவில், போடா தீவில் சோறு தின்றுகொண்டிருந்தபோது மகள் எழுந்து நின்று கையை நீட்டினாள். நாங்கள் காலையில் நின்ற அதே இடத்தில் மணல் ஒரு வெள்ளைக் கோடாக எழுந்திருந்தது. அதன் மேல் மனிதர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள், தொலைவிலிருந்து பார்க்கையில் கடல்மேல் நடப்பது போலவே. அவர்கள் பிற்பகல் படகில் வந்தவர்கள். எங்கள் படகு அடுத்த அரை மணி நேரத்தில் எதிர்த்திசையில் ஆவ் நாங்குக்குத் திரும்பியது. அங்கே இப்போது வற்றம் என்பதால் படகால் கரையை நெருங்க முடியவில்லை. அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையை மனைவியின் தோளிலும் மறு கையை என் தோளிலும் வைத்து, கூழாங்கல்லும் சேறும் கலந்த நீரில் நெடுந்தூரம் நடந்தே கரையேற வேண்டியிருந்தது.

இதைப் பற்றிப் பெங்களூர் அலுவலகத்துக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன். கடல் வற்றுவதும் ஏறுவதும் தங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது. கடல் அவர்கள் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஓத அட்டவணை ஓராண்டுக்கு முன்பே கிடைப்பது. நாட்காட்டியில் பிறையைப் பார்த்தாலே பாதிக் கணக்கு தெரிந்துவிடும். திதி பார்த்து நாள் குறிக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. காலைப் படகுக்குப் பதில் பிற்பகல் படகில் இடம் பிடித்திருந்தால், ஒரு ரூபாய் கூடச் செலவின்றி எங்களுக்குத் தலே வேக் முழுமையாகக் கிடைத்திருக்கும், அம்மாவும் நனையாமல் இறங்கியிருப்பார்.

ராய்லே கடற்கரை இந்தக் குறையிலிருந்து ஓரளவு தப்பியது. கிராபியின் நிலப்பகுதியோடு ஒட்டியே இருந்தாலும், சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் மறித்து நிற்பதால் அங்கே படகில் மட்டுமே போக முடியும். பழங்காலக் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய பாறை இது. மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்து, உள்ளே குகைகளையும் விளிம்புகளில் மெழுகு வழிந்தது போன்ற தொங்கல்களையும் உருவாக்கியிருக்கிறது. அடிப்பகுதியை அலை அரித்துக்கொண்டே இருப்பதால், சில பாறைத் தீவுகள் காளான் போலக் கீழே சிறுத்து மேலே அகன்று நிற்கின்றன. ப்ரா நாங் கடற்கரையின் ஓரத்தில் உள்ள குகையில், கடலம்மனாக வணங்கப்படும் இளவரசிக்கு மீனவர்கள் நேர்ந்து கொண்டுவந்து வைத்த இலிங்க வடிவ மரக்கட்டைகள் வண்ணத் துணி சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கைகூப்பினார். "நம்ம ஊர்க் கன்னிமார் மாதிரிடா. கடலுக்குப் போறவன் பயம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே" என்றார். அங்கே ஒரு மணி நேரம்தான் தந்தார்கள். அரை நாளாவது தந்திருக்க வேண்டும்.

பீ பீ தீவுகளுக்கான விரைவுப்படகுப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அது நன்றாக நடந்தது. மாயா விரிகுடாவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அளவுமீறிய கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்ததை அடுத்து, 2018 சூனில் அதை மூடினார்கள். 2022 சனவரியில் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது. பின்புறம் லோ சமா பக்கத்தில் இறங்கி, மரப்பலகைப் பாதையில் நடந்து வர வேண்டும். நீந்தவும் அனுமதி இல்லை. ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு நிற்கையில், கரும்புள்ளித் துடுப்புடைய சுறாக்குட்டிகள் நிழல்போல் நகர்வதை மகள் முதலில் பார்த்தாள். மூடிவைத்த ஆண்டுகளில் திரும்பி வந்தவை அவை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இவ்விடத்தை ஆண்டுதோறும் மூடிவிடுகிறார்கள் என்பதையும், தேசியப் பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனி என்பதையும் எங்கள் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. நாங்கள் பெரியவர்களுக்கு ஆளுக்கு 400 பாட் படகுத்துறையில் கட்டினோம். புலிக்குகைக் கோயிலில் உச்சிக்குப் போக ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட செங்குத்துப் படிகள் உண்டு. மனைவியும் நானும் மட்டும் ஏறினோம், அம்மாவும் மகளும் அடிவாரத்தில் குரங்குகளிடமிருந்து கைப்பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்பயணத்தின் சிறந்த நாள் திட்டத்தில் இல்லாத நாள். நான்காம் நாளை 'ஓய்வு மற்றும் கடைவீதி' என்று விட்டிருந்தார்கள். நாங்கள் விடுதி வாசலிலேயே ஒரு வேன் பேசி, தெற்கே குளோங் தொம் வட்டாரத்துக்குப் போனோம். அங்கே காட்டுக்குள் வெந்நீரூற்று ஒன்று ஆற்றை நோக்கிச் சரியும் இடத்தில், தாதுப்படிவத்தால் தானாக உருவான தொட்டிகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. முழங்கால் வலியுள்ள அம்மா அதில் இறங்கி உட்கார்ந்தபின் எழுந்திருக்க மனமின்றி இருந்தார். அங்கிருந்து அருகில்தான் மரகதக் குளம். நாம் மரகதம் என்பதையே தாய்லாந்தில் மொரக்கோத் என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நுழைவாயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சமவெளிக் காட்டின் நிழலில் நடந்தால் குளம் வருகிறது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த வெதுவெதுப்பான ஊற்றுநீர் அது. அடியில் கிடக்கும் இலையின் நரம்புகூடத் தெரியும், ஆனால் விளிம்புப் பாறை எண்ணெய் தடவியது போல் வழுக்கும், குழந்தைகளின் கையை விடக்கூடாது. அதற்கும் உள்ளே இருக்கும் நீலக் குளத்தில் யாரும் இறங்கக்கூடாது. அடித்தரையில் மணல் கொதிப்பது போல ஊற்று கிளம்புவதைக் கரையில் நின்றே பார்க்க வேண்டும்.

இக்காட்டுக்கு வேறொரு பெருமையும் உண்டு. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் இனத்தைச் சேர்ந்த, நீலத் தலையும் மஞ்சள் வயிறும் கொண்ட ஒரு பறவையைப் பல பத்தாண்டுகள் யாரும் காட்டில் காணாமல், 1986இல் இங்கேதான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். வரும் வழியெல்லாம் எண்ணெய்ப்பனையும் ரப்பரும் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தால், சமவெளிக் காடு எங்கே போயிற்று என்பது புரிந்துவிடும்.

திரும்பும் வழியில் குளோங் தொம் ஊரில் உள்ள புத்தர் கோயிலின் சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னாலுள்ள மேட்டுக்கு 'மணிமேடு' என்ற பொருளில் குவான் லுக் பாத் என்று பெயர். அங்கே மண்ணைக் கிளறினால் மணிகள் வரும் என்பதால் வந்த பெயர் அது. கடுகளவிலிருந்து மொச்சைக்கொட்டை அளவு வரை கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். செங்கல் சிவப்பிலும் பாசிப்பச்சையிலும் இருந்த சிறுமணிகளைப் பார்த்துவிட்டு அம்மா, தன் பாட்டி கழுத்தில் கிடந்த பாசிமணி இதே போல் இருக்கும் என்றார். தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஒரு சிறு உரைகல்லும் இவ்வூரில்தான் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும் பத்தனின் கல், என்று பொறித்திருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். பொற்கொல்லரைப் பத்தர் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்து இந்தக் கரையில் தொழில் செய்த ஒரு தமிழ்ப் பத்தர், தன் கல் அடுத்தவர் கல்லோடு கலந்துவிடக் கூடாது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார். காற்றையும் ஓதத்தையும் பார்த்து மரக்கலம் செலுத்தியவர்களோடு வந்தவர் அவர். தமிழ்க் குடும்பங்களுக்கென்றே விளம்பரம் செய்து பயணம் நடத்தும் ஒரு நிறுவனம், அந்த நாளைக் கடைவீதிக்கு என்று ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பத்து நிமிட வேலை. எங்களிடம் இதற்கு ஆளுக்கு 900 ரூபாய் 'ஆவணக் கட்டணம்' வாங்கினார்கள். ரசீதோடு எழுதிக் கேட்ட பிறகு, மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார்கள்.

தங்கல், வண்டி, உணவு ஏற்பாடு ஆகியவற்றுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். பயணத்திட்டத்துக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. முதியவர்களோடு செல்பவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். முன்பணம் கட்டும் முன், தலே வேக்குக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், அன்று வற்றம் எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

மார்ச்சில் மும்பையிலிருந்து என் தங்கை குடும்பம் கிராபிக்குப் போகிறது. அவர்களுக்காக அதே நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், ஓத அட்டவணையை மேசைமேல் விரித்து வைத்து, அவர்கள் போகும் நாளில் பகல் மூன்று மணியளவில் கடல் வற்றும் என்று காட்டிப் பிற்பகல் படகைக் கேட்டேன். அங்கிருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, அப்படி ஒரு படகு தினமும் இருக்கிறது, கட்டணமும் அதேதான் என்றார். அட்டவணையை ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.