கல்லடி வீட்டுக்குக் கோடையிலே பூச்சி மருந்து: காத்தான்குடியில் இருந்து வந்தவர்களின் வேலை

கோடையில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீட்டு வேலைகள் வரிசையாக வரும். சுவருக்கு வெள்ளை அடிப்பது, ஓடு மாற்றுவது, கிணறு இறைப்பது எல்லாம் அப்போதுதான். பூச்சிக்கு ஆள் கூப்பிடுவதை மட்டும் பலரும் மாரிக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் மழையோடு ஈசல் வந்து லைட்டைச் சுற்றும்போதுதான் கறையான் நினைப்பு வரும். அந்த நேரம் மண் ஊறிப்போயிருக்கும், மருந்து இறங்காது, ஆளும் கிடைக்காது. இந்த வருடம் நாங்கள் கோடையிலேயே செய்வித்தோம். செய்தது காத்தான்குடியில் இருந்து வரும் சிறிய சேவை ஒன்று: நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணன், அவருக்கு உதவியாக ஒரு தம்பி, ஒரு முச்சக்கர வண்டி. வேலை எனக்கு நன்றாகப் பிடித்தது. சில குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் தரை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். கிணறு குளியலறைச் சுவரோடு ஒட்டினாற்போல இருக்கிறது. முன்வீடு மாமா காலத்தில் கட்டியது, முதிரைக் கதவு, முதிரை நிலை. குசினி பிறகு கட்டியது, அங்கே ரப்பர் பலகையில் செய்த அலுமாரிகள். வளவில் தென்னை, மா, முருங்கை, கோழிக்கூடு, விறகுக் குவியல். மாமிக்குத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம் இருக்கிறது. பூச்சி மருந்து என்றாலே எனக்குப் பயம் வருவது அதனால்தான்.

முன்பொரு முறை வேறொரு இடத்தில் இருந்து ஆட்களை எடுத்திருந்தோம். வந்தார்கள், முதுகில் டேங்கை மாட்டினார்கள், எல்லா அறையிலும் சுவர் ஓரமாக அடித்தார்கள், காசை வாங்கிக்கொண்டு போனார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். வெளிநாட்டு மருந்து என்றார்கள். போத்தலைக் காட்டச் சொன்னேன், கொண்டுவரவில்லை என்றார்கள். மாமி இரண்டு இரவு சாய்ந்த கதிரையிலேயே இருந்து விடிய வைத்தார். கரப்பொத்தான் கொஞ்ச நாள் காணாமல் போய், பிறகு பழையபடி வந்துவிட்டது.

ஆகவே இந்த முறை தொலைபேசியிலேயே மருந்தின் பெயரைக் கேட்டேன். நானா தயங்காமல் சொன்னார். வந்த அன்றும் போத்தல்களை முற்றத்துக் கட்டில் வரிசையாக வைத்து லேபிளைப் பார்க்கச் சொன்னார். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இலங்கையில் பதிவு இல்லாத மருந்தை விற்கவே கூடாது. பதிவு இலக்கம் லேபிளில் இருக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டாலும் இதை ஒருமுறை கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அப்புறம் அவர் செய்த முதல் வேலை, ஒரு டோர்ச்சும் ஸ்குருட்ரைவரும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தது. மருந்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு நிலையிலும் ஸ்குருட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். முதிரை நிலை கணீர் என்றது. குசினி அலுமாரியின் அடிப்பலகையில் தட்டியபோது சத்தம் பொத்தென்று விழுந்தது. நுனியால் மெல்ல அழுத்தினார், பெயின்ட் மட்டும் தோல் போல நின்றது, உள்ளே மரமே இல்லை. பின் சுவரில் பென்சில் தடிப்பில் ஒரு மண் குழாய் தரையில் இருந்து ஏறிப் போயிருந்தது. அதில் ஒரு விரல் அளவு இடத்தை உடைத்துவிட்டு, "கொஞ்சம் நில்லுங்க டீச்சர்" என்றார். நின்றோம். வெள்ளை வெளேரென்ற கறையான்கள் உடைந்த வாயில் வந்து, தலையை ஆட்டி ஆட்டி, ஈரமண்ணை ஒவ்வொரு துணுக்காக வைத்து ஓட்டையை மூடத் தொடங்கின. உயிரோடு இருக்கிற பாதை என்று அதில் அடையாளம் போட்டார். வேறு இரண்டு குழாய்களை உடைத்தபோது ஒன்றும் வரவில்லை, உள்ளே காய்ந்த மண்தான். அவை பழையவை, அங்கே மருந்து வீண் என்று விட்டுவிட்டார்.

உயிருள்ள பாதை இருந்த சுவர் நெடுக, டைல்ஸ் மூட்டில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்கினார்கள். மருந்து இமிடாக்ளோபிரிட். கறையானுக்கு அது அங்கே இருப்பதே தெரியாதாம். வழமை போல அதற்குள்ளால் போய் வரும், உடம்பில் பட்டதை மற்றக் கறையான்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். அதனால் உடனே சாகாது, பொறுமையாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். இது முக்கியம். மருந்து போட்ட மறுநாளும் கறையானைப் பார்த்துவிட்டு ஆட்கள் சண்டைக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் சில கிழமைகள் கழித்து அதே குழாயை உடைத்துப் பார்த்தோம், யாரும் அடைக்க வரவில்லை.

இந்தச் சேவையை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு உண்மையான காரணம் கிணறு. குளியலறைப் பக்கச் சுவரிலும் ஒரு குழாய் இருந்தது. அங்கேயும் துளை போடுங்கள் என்று நானே சொன்னேன், காசு கூடினாலும் பரவாயில்லை என்றேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "கிணத்துப் பக்கம் ஏத்தமாட்டன் டீச்சர். இது மணல், மருந்து தண்ணியோட இறங்கிப் போகும். நாளைக்கு நீங்கதானே குடிக்கப் போறீங்க?" அந்தச் சுவரில் குழாயைச் சுரண்டி எடுத்து, நிலையின் மரத்துக்கு மட்டும் தூரிகையால் மருந்து பூசினார். சுவரில் சாத்தி வைத்திருந்த பலகைகளையும் அகற்றச் சொன்னார். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று இந்தக் கரையில் எல்லார் வீட்டிலும் மணலும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான். கூடக் காசு தருகிறேன் என்றும் ஒரு வேலையை மறுத்தவரை நான் நம்புகிறேன்.

குசினியில் கரப்பொத்தானுக்கு ஸ்பிரே அடிக்கவில்லை. ஊசி போன்ற குழாயில் இருந்து ஜெல்லை அலுமாரிப் பிணைச்சல், சிங்குக்கு அடி, பிரிட்ஜுக்குப் பின்னால் என்று சிறு சிறு பொட்டாக வைத்தார். தின்றது செத்து, செத்ததைத் தின்றதும் சாகும். அதற்கு மேல் கடையில் வாங்கும் ஸ்பிரேயை அடிக்க வேண்டாம், அடித்தால் ஜெல்லுக்குக் கிட்ட வராது என்று கண்டிப்பாகச் சொன்னார். குசினியில் ஓடும் சின்னக் கரப்பொத்தானின் ஒரு முட்டைப் பையிலேயே முப்பது நாற்பது குஞ்சு இருக்கும், அதனால் இரண்டாம் முறை வந்து வைத்தார்கள். அதற்குத் தனிக் காசு எடுக்கவில்லை. இரவில் குழியில் இருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பொத்தானுக்கு வலைதான் மருந்து என்று தண்ணீர் போகும் ஓட்டைகளுக்குக் கம்பி வலை வெட்டிப் போட்டார். மணம் இல்லை, மாமிக்கு ஒரு இருமலும் இல்லை.

மாமிக்கு ஒரு மனக்குறை மட்டும் இருந்தது. "மனே, புகை அடிக்கிற மெஷின் கொண்டு வரல்லியா?" என்று தம்பியிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். நுளம்புக்குப் புகை அடித்தால்தான் அவருக்கு வேலை நடந்த மாதிரி. தம்பி பொறுமையாக விளக்கினான்: புகை அந்த நேரம் பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. மறுகா மாமியையே கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றினான். கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி, கூரைப் பீலியில் தேங்கிய சருகு, வேலியோரம் குவித்த சிரட்டை, கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காக நிரப்பி வைத்த பரல். பரலின் உள்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கரிப்பொடி தூவியது போல ஒட்டிக்கொண்டிருந்த முட்டைகளை மாமி தன் விரலாலேயே தடவிப் பார்த்தார். டெங்கு நுளம்பின் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். பொரித்ததில் இருந்து ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிவிடும் என்பதால் கழுவுவதும் கிழமைக்கு ஒருமுறை.

2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, கிண்ணியா பட்ட பாடு கிழக்கில் எல்லாருக்கும் நினைவிருக்கும். மாரியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து நோட்டீஸ் தரும் வரை இருக்காமல் ஆவணிக்குள்ளேயே பரல்களைத் தேய்த்து முடித்தால், மழை வரும்போது பொரிக்க முட்டை குறைவாகவே இருக்கும். இப்போது அந்த வேலையை மாமிதான் பார்க்கிறார், எங்களுக்கு விடமாட்டார்.

வளவில் அவர்கள் மருந்து போட்டது மிகக் குறைவு. விறகைச் சுவரில் இருந்து தள்ளிக் கல்லுக்கு மேல் அடுக்க வைத்தார்கள். மாமரத்து முசுறு எறும்புக்கும் மருந்து கேட்டேன், வேண்டாம் என்றார் நானா, மரத்தைத் தின்னும் பூச்சிகளை அது பிடித்துத் தின்னும் என்று. பறிக்கும் நாளில் கடி வாங்குவது எங்கள் பாடு. கோழிக்கூட்டுக்குப் பின்னால் உக்கிக் கிடந்த தென்னங்குற்றியைக் கடப்பாரையால் பிளந்தபோது, கட்டைவிரல் தடிப்பில் வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்கள் பொலபொலவென்று கொட்டின. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. மருந்து எதுவும் தேவைப்படவில்லை, கோழிகளைத் திறந்துவிட்டோம், ஒன்று மிச்சம் வைக்கவில்லை. எங்கள் இளந்தென்னையின் ஓலை விசிறி வெட்டியது போல விரிவதற்குக் காரணம் இத்தனை வருடமும் வளவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இனி குறைகள். எலிக்கு இவர்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டும் அட்டை வைத்தார்கள். அதில் எலியைவிடப் பல்லிதான் கூட ஒட்டியது, உயிரோடு துடிப்பதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாளே எடுத்து எறிந்துவிட்டுப் பொறிக்கூடு வாங்கினோம். சிறுபோக அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும் இடங்களில் இருப்பவர்கள் இதற்கு வேறு ஆள் பார்ப்பது நல்லது. துளைகளை மூடிய வெள்ளை சீமெந்து எங்கள் மஞ்சள் டைல்ஸில் வரிசையாகப் புள்ளி வைத்தது போலத் தெரிகிறது. நிறம் கலந்து மூடியிருக்கலாம், கேட்டபோது அடுத்த முறை என்றார்கள். சொன்ன நேரத்துக்கும் வரவில்லை, காலை என்றார்கள், வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வந்தார்கள். உத்தரவாதத்தை நான் கேட்ட பிறகுதான் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்கள். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தின் பெயரையும் போட்ட இடத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

காசு குறைவில்லை. கறையான் வேலைக்கு எவ்வளவு தூரம் துளை போடுகிறார்களோ அந்த நீளத்துக்குக் கணக்கு. ஆனால் பழைய பாதைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால், வேறொருவர் வீடு முழுக்க அடிக்கக் கேட்ட தொகையைவிடக் குறைவாகவே முடிந்தது. இரண்டு தவணையாகக் கொடுக்கவும் விட்டார்கள்.

செய்விக்க நினைப்பவர்கள் ஆடி அமாவாசைக்கு முன்னரே பேசி வையுங்கள். அன்றைய மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்ததும் எல்லாரும் வீட்டு வேலை தொடங்குவார்கள், அதற்குப் பிறகு இவர்களைப் பிடிப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை வேலை எடுப்பதில்லை. வருவதற்கு முதல் நாள் சிங்குக்கு அடியில் உள்ள சாமான்களையும் சுவரோரத்து அலுமாரிகளையும் நகர்த்தி வைத்தால், நானா டோர்ச்சோடு குனிந்து பார்க்கிற நேரம் வீணாகாது.