கிலோசார்ட் 4: மண்டபம் ஊரில் ஒரு லேப்டாப்பை வைத்து நியூரான் பிரிப்பது

மூளைக்குள் இறக்கும் மின்முனை ஒவ்வொன்றும் பக்கத்தில் இருக்கிற பல நியூரான்களின் (நரம்பணுக்களின்) மின்துடிப்பையும் சேர்த்தே பதிவு செய்கிறது. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரித்துத் தரும் இலவச மென்பொருள்தான் கிலோசார்ட். ஆய்வுப் படிப்புக்காக இதை ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் வீட்டிலிருந்தே ஓட்டுகிறேன். அமெரிக்காவின் ஆலன் ஆய்வு நிறுவனம் பொதுவில் வைத்திருக்கும் சுண்டெலி மூளைப் பதிவுகள்தான் என் தரவு.

பழைய பதிப்புகளுக்கு மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் வேண்டும், அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. மாரியஸ் பாச்சிடாரியு குழுவினர் 2024-இல் ஆய்வுக் கட்டுரையோடு அறிமுகப்படுத்திய நான்காவது பதிப்பு இலவச நிரல்மொழியான பைதானில் ஓடுகிறது. பெரிய ஆய்வகத்தின் தயவில்லாமல் கடற்கரை ஊரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடிகிறதென்றால் இதனால்தான். அந்தக் குழுவுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

இதன் உண்மையான பலம் நகர்வுத் திருத்தம். மூளைத் திசு மின்முனையை ஒட்டி மேலும் கீழுமாகச் சில மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே போதும், அதே நியூரானின் அலைவடிவம் வேறு மாதிரி தெரியும். எங்கள் அப்பா விடியற்காலையில் சத்தத்தை வைத்தே யாருடைய விசைப்படகு வருகிறது என்று சொல்லிவிடுவார். படகு நெருங்க நெருங்கச் சத்தம் மாறினாலும் அவருக்குக் குழப்பம் வராது. கிலோசார்ட் செய்வதும் அதுதான். பதிவை இரண்டிரண்டு விநாடித் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் துடிப்புகள் எவ்வளவு ஆழம் மாறியிருக்கின்றன என்று கணக்கிட்டுச் சரிசெய்கிறது. அப்புறம் ஒவ்வொரு நியூரானுக்கும் உரிய மாதிரி அலைவடிவத்தைத் தரவிலிருந்தே கற்றுக்கொண்டு, பொருந்துவதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் மறுபடி தேடுகிறது. இரண்டு நியூரான்கள் ஒரே சமயத்தில் துடித்தாலும் பிரிக்க முடிவது இப்படித்தான்.

செலவு கணினியில்தான். நியூரோபிக்சல்ஸ் என்ற வகை மின்முனையில் 384 சேனல்கள் (ஒரே நேரத்தில் பதிவாகும் தடங்கள்), ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 30,000 மாதிரிகள். ஒரு மணி நேரப் பதிவே 80 ஜிபியைத் தாண்டும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் பொறுமை போய்விடும். இன்வெர்ட்டர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். பிரித்த நியூரான்கள் மேல் 'குட்' (நல்லது) என்று கிலோசார்ட் குத்தும் முத்திரையை அப்படியே நம்பாதீர்கள். ஒரு நியூரான் துடித்தவுடன் ஒன்றிரண்டு மில்லிவிநாடிக்கு மறுபடி துடிக்காது. அந்த இடைவெளி சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் முத்திரை முக்கியமாகப் பார்க்கிறது. பாதிப் பதிவில் காணாமல் போகும் நியூரானும், ஒரே நியூரான் இரண்டாக உடைந்ததும் அதில் தப்பிவிடும். ஃபை என்ற இலவசக் கருவியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் முடிவின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

நான்கு கம்பி டெட்ரோடு மாதிரி சேனல் குறைந்த மின்முனை வைத்திருப்பவர்கள் நகர்வுத் திருத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நகர்வைக் கணிக்க அதற்கு அடுத்தடுத்து நிறைய சேனல்கள் வேண்டும்.