தடுப்பு முகாமுக்கு வந்த இலவசச் சட்ட உதவி: நான்கு நட்சத்திரம்

தம்பி மெக்சிகோ எல்லை தாண்டி கலிபோர்னியாவில் பிடிபட்டபோதுதான் இந்தக் குழுவைத் தேடிப் பிடித்தேன். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதியைக் காணாமலே ஆளைத் திருப்பி அனுப்பலாம். ஊருக்குப் போகப் பயம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான், அந்தப் பயம் நியாயமானதா என்று பார்க்கும் புகலிட நேர்காணல். அதற்கு முன் ஆலோசனை கேட்கலாம், ஆனால் அரசு செலவில் சட்டத்தரணி கிடையாது.

இவர்களுடைய சட்டத்தரணி தொலைபேசியில் இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்தார். தம்பி அடிபட்ட கதையையே திரும்பத் திரும்பச் சொன்னான். "சரி, ஏன் அடித்தார்கள்?" என்று அவர் விடாமல் கேட்டார். இனம், அரசியல் கருத்து போன்ற காரணத்துக்காக அடித்தால்தான் புகலிடம் என்பதால், வழக்கே அந்த 'ஏன்'இல்தான் நிற்கிறதாம். நேர்காணலில் தோற்றால் குடிவரவு நீதிபதி ஏழு நாளுக்குள் மறுபடி பார்க்கவேண்டும், அதைக் கேட்டு வாங்கு என்றார். அதற்கு மேலே வேறு நீதிமன்றம் போவது கஷ்டம். 2020இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது, அதுவும் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது மொழிபெயர்ப்பாளருக்காக. தமிழ்தான் பேசினார், ஆனால் தம்பி போராளி அமைப்பைச் சொல்ல "இயக்கம்" என்றதும் சினிமா இயக்கம் என்று நினைத்துவிட்டார். அப்புறம் சட்டத்தரணிதான் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டார்.