புதினா: தரையிலா, தொட்டியிலா?

கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிய பிறகு மிஞ்சும் முற்றிய தண்டே நடுவதற்குப் போதும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஈரமண்ணில் ஊன்றினால், பத்துப் பதினைந்து நாட்களில் வேர்பிடித்துத் துளிர்த்துவிடும். எங்கே ஊன்றுவது என்பதுதான் கேள்வி.

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனமுள்ள ஊர்களில், கிணற்றடியிலோ வாழை நிழலிலோ தரையில் நட்ட புதினா, ஓடுதண்டுகளால் தானாகப் பரவுவதோடு, வேர்ப்பகுதி குளிர்ந்திருப்பதால் சித்திரை வெயிலிலும் எளிதில் வாடுவதில்லை. அந்தப் பரவலே தொல்லையாகவும் மாறும்: பக்கத்துக் கீரைப்பாத்திக்குள் நுழைந்துவிட்டால், பிடுங்கிய பின்னும் மண்ணில் தங்கிய சிறு துண்டு மீண்டும் முளைக்கும். கரிசல் மண்ணில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது நீர் தேங்கி வேர் அழுகக்கூடும் என்பதால், அங்கே மேட்டுப்பாத்தியே ஏற்றது.

தொட்டியில் இவ்விரு கவலைகளும் குறைவு. அடியில் வடிதுளையும் 20 செ.மீ. ஆழமும் நல்ல அகலமும் இருந்தால் போதும். ஆனால், பாளையங்கோட்டை மொட்டை மாடியில் கோடைக்காலத்தில் அது காலை, மாலை இருவேளையும் தண்ணீர் கேட்கும். வேர் நெருங்கியதும், ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை, பிரித்து நடவும் வேண்டும்.

வாரந்தோறும் துவையல் அரைக்கும் வீட்டுக்கு (எங்கள் வீடும் அப்படித்தான்) ஒற்றைத் தொட்டி காணாது. இடமிருந்தால் தரையையே நான் தேர்வேன். வாடகை வீட்டாருக்குத் தொட்டிதான் வழி. இரண்டிலும், பூவெடுக்கும் முன்பே நுனியை நறுக்கிவந்தால் இலை மணம் குன்றாமல் அடர்ந்து வளரும்.