ஊட்டி ஸ்டீம் என்ஜினா, இருகூர் கூட்ஸ் வண்டியா? கேமராவ எந்தப் பக்கம் திருப்பறது

கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு ட்ரெயின் போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு பக்கத்துலயே ரெண்டு வழி இருக்குதுங்க. மேட்டுப்பாளையம் போயி மலை ரயிலோட ஸ்டீம் என்ஜின பிடிக்கலாம், இல்லன்னா இருகூர், போத்தனூர் பக்கம் நின்னு கூட்ஸ் வண்டிய பிடிக்கலாம். நான் ரெண்டையும் கொஞ்ச வருசமா பண்ணிட்டு, இப்ப கையில கிடைக்கிற லீவு நாள முக்காவாசி கூட்ஸுக்குதான் குடுக்கறேன். சொன்னா வீட்லயே சிரிக்கறாங்க. எங்கெங்கேயோ இருந்தெல்லாம் ஊட்டி ரயில எடுக்க வர்றாங்க, நீ போயி நிலக்கரி வண்டி முன்னாடி நிக்கறியேன்னு. ஏன்னு கொஞ்சம் விளக்கமா எழுதிடறேன், ஸ்டீம் பக்கம் என்ன சொல்லணுமோ அதையும் சேத்தே.

அழகுல போட்டியே கிடையாது, ஸ்டீம்தான். 1899-ல குன்னூர் வரைக்கும் போட்டு, 1908-ல ஊட்டி வரைக்கும் நீட்டின லைன், 46 கிலோமீட்டர், 2005-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துடுச்சு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அந்த எக்ஸ் கிளாஸ் என்ஜினோட சைடுதான். ஒவ்வொரு பக்கமும் சிலிண்டர் மேல ஒண்ணு கீழ ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். கீழ இருக்கறது சக்கரத்துக்கு, மேல இருக்கறது நடுவுல இருக்கற பல்சக்கரத்துக்கு. மலை அடிவாரத்துல இருக்கற கல்லார் வரைக்கும் கீழ மட்டும் வேலை செய்யும், பல் தண்டவாளம் ஆரம்பிச்சதும் கீழ வேலை முடிச்ச நீராவி மேல போயி அங்கயும் ஒரு தரம் உழைக்கும். சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல பண்ணின டிசைன், நம்ம பொன்மலை ஒர்க்‌ஷாப்ல புதுசாவும் பண்ணிருக்காங்க. வண்டி மலை ஏறுறப்ப மனுசன் ஓடுற வேகம்தான், அதனால ஷட்டர் வேகம் 1/250 செகண்ட் வெச்சாலே போதும், கை பழகுனவங்க இன்னும் கீழ இறக்கி ராடு மட்டும் அசையற மாதிரி எடுக்கலாம். கூட்ஸ்ல இப்படி மெக்கானிசம் வெளிய தெரியற அழகு எதுவுமே இல்ல, எல்லாம் பெட்டிக்குள்ள மூடித்தான் கிடக்கும்.

ஆனா போட்டோ எடுக்கறவனுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கு, அத டூரிஸ்டா போறப்ப கவனிக்க மாட்டோம். மலை ஏறுறப்ப என்ஜின் பின்னாடி இருந்துதான் தள்ளும். நீங்க வளைவுல காத்துட்டு நின்னா முன்னாடி வர்றது பெட்டியும், அதோட முகப்புல கொடிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பிரேக்ஸ்மேனும்தான். புகை கக்கிக்கிட்டு என்ஜின் முன்னாடி பாஞ்சு வர்ற மாதிரி மனசுல ஒரு படம் இருக்குமே, அது இந்த லைன்ல ஏத்தத்துல கிடைக்கவே கிடைக்காது. இறங்குறப்ப என்ஜின் முன்னாடி வரும், வாஸ்தவம். ஆனா இறக்கத்துல அதுக்கு உழைப்பு கம்மி, புகையும் கம்மி. சாயங்காலம் வேற, வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போயிடும், குன்னூர் பள்ளத்தாக்கு முழுக்க நிழல் விழுந்துரும்.

இங்கதான் என்னோட முக்கியமான பாயிண்ட் வருது, மத்ததெல்லாம் சும்மா. ட்ரெயின் போட்டோன்னா ட்ரெயின் பாதி, வெளிச்சம் பாதி. மலை ரயில் காலைல 7:10-க்கு மேட்டுப்பாளையத்துல கிளம்பும், மத்தியானம் 2 மணிக்கு ஊட்டில இருந்து திரும்பும், சீசன்ல ஸ்பெஷல் விட்டா ஒண்ணு ரெண்டு சேரும், அவ்வளவுதான். மேல குன்னூருக்கு அப்பறம் டீசல் மாட்டிருவாங்க. ஆக, புகையோட ஏறுற ஸ்டீம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வண்டி, நீங்க நிக்கற எடத்துல அது தெரியறது ஒரு நிமிசம். அந்த நிமிசத்துல மேகம் மறைச்சிருச்சா, போச்சு. மூடுபனி இறங்கிருச்சா, போச்சு. நல்லா வெயில் அடிச்சு, வண்டியும் டைமுக்கு வந்து, ஃபயர்மேன் அந்த நேரம் பாத்து புகைய சுத்தமா வெச்சிருந்தாருன்னா, அவரு வேலைய ஒழுங்கா பாக்கறாருன்னு அர்த்தம், நமக்கு வானத்துல ஒண்ணும் இருக்காது. எதுவுமே நம்ம கையில இல்ல. நாளைக்கு வரலாம்னா லீவு இல்ல, அடுத்த வாரம்னா வெளிச்சம் வேற மாதிரி.

இதுல கொடுமை என்னன்னா நீராவி வெள்ளையா புசுபுசுன்னு தெரியணும்னா காத்து குளுரா இருக்கணும், அதாவது நவம்பர், டிசம்பர், ஜனவரி. வடகிழக்கு மழைல மண் சரிஞ்சு லைன் மேல பாறை விழுந்து, மேட்டுப்பாளையம்–குன்னூர் சர்வீஸ நிறுத்தறதும் பெரும்பாலும் அதே மாசங்கள்லதான். ஏப்ரல், மே-ல வண்டி ஒழுங்கா ஓடும், ஆனா கல்லார் வெக்கைல நீராவி வெளிய வந்த உடனே காணாம போயிடும், கூட்டமும் ஊட்டி பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

இப்ப கூட்ஸுக்கு வாங்க. டைம்டேபிள் கிடையாது, பயணிகள் வண்டி எங்க வருதுன்னு காட்டற ஆப்ல கூட்ஸ் வராது, எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. இதத்தான் எல்லாரும் குறையா சொல்லுவாங்க. எனக்கு இதுதான் ப்ளஸ். ஏன்னா நான் ட்ரெயினுக்காக போறதில்ல, வெளிச்சத்துக்காக போறேன். வெளிச்சம் எப்ப வரும்னு எனக்கு நல்லாவே தெரியும். இருகூர்ல இருந்து போத்தனூர் போற லைன் சுமாரா வடகிழக்குல இருந்து தென்மேற்கா ஓடுது. கோயமுத்தூர் ஜங்ஷனுக்குள்ள போகாம நேரா பாலக்காடு பக்கம் போற கூட்ஸ் எல்லாம் இதுலதான் திரும்பும். காலைல இருகூர் பாத்து வர்ற வண்டிக்கு மூஞ்சில வெயில் விழும், சாயங்காலம் போத்தனூர் பாத்து போற வண்டிக்கு விழும். குளிர்காலத்துல சூரியன் தெக்க சாஞ்சு போறதுனால லைனுக்கு தெக்கால நின்னுட்டா சைடும் பளிச்சுன்னு இருக்கும். அந்த ரெண்டு நேரத்துல போயி நின்னாப் போதும், ஏதாச்சும் ஒண்ணு வரும். ஒண்ணு சொதப்புனா அடுத்தது. அடுத்ததும் வரலன்னா சாயங்காலம் டீ குடிச்சிட்டு வீடு பக்கம்தான, திரும்ப நாளைக்கு. அதே எடம், அதே ஆங்கிள், அதே வெளிச்சம், திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிப் பாக்கலாம். நான் உருப்படியா போட்டோ எடுக்க பழகுனதே இதனாலதான்னு சொல்லுவேன். மலை ரயில்ல வருசம் பூரா போனாலும் அந்தப் பழக்கம் வராது.

வண்டி வருமான்னு கண்டுபிடிக்க ஒரே வழி லெவல் கிராசிங் கேட் கீப்பர்கிட்ட விசாரிக்கறதுதான். "ஏனுங்கண்ணா, கூட்ஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டா, "ஒண்ணு லூப்புல நிக்குது கண்ணு, எக்ஸ்பிரஸ் போனதுக்கப்பறம் விடுவாங்க"ன்னு வரும் பதில். அந்த லூப்புல, அதாவது மெயின் லைனுக்குப் பக்கத்துல ஒதுங்கி நிக்கற தண்டவாளத்துல, நிக்கற வண்டிதான் பொக்கிஷம். பயணிகள் வண்டிக்கு வழி விட்டுட்டு கூட்ஸ் பாட்டுக்கு நின்னுட்டிருக்கும், பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துட்டுப் போனா பக்கத்துல நின்னே பாக்கலாம். நிலக்கரி ஏத்தற, மேல திறந்த பாக்ஸ்என் வேகன் கதவுல சாக்பீஸ்ல யாரோ கிறுக்கின நம்பர், கம்பி சுத்தி அடிச்ச சீல், அடுத்த மராமத்து எந்தத் தேதின்னு வெள்ளை பெயின்ட்ல எழுதினது, மூலைல பேந்துபோன துரு, கடைசி வேகனுக்குப் பின்னாடி பிரேக் வேன் வாசப்படில கொடியோட நிக்கற கார்டு. இப்ப அவருக்கு ட்ரெயின் மேனேஜர்னு பேரு மாத்திட்டாங்க, எங்க வாய்ல கார்டுதான் வருது. என்ஜின் சைடுல எந்த ஷெட்டு, அதாவது எந்த ஊர்ல பராமரிக்கற என்ஜின்னு எழுதிருக்கும். ஈரோடு நம்ம ஊரு, அதுல ஆச்சரியம் இல்ல, ஆனா நாக்பூர் அஜ்னி, ஹைதராபாத் லாலாகுடா, ஜார்க்கண்ட் கோமோன்னு நாட்டோட மறு கோடில இருந்தெல்லாம் டபிள்யூஏஜி-9ங்கற கூட்ஸ் கரண்ட் என்ஜின் இங்க வந்து நிக்கும். மலைல இருக்கற என்ஜின் எண்ணிக்கை ரொம்பக் கம்மி, கொஞ்ச நாள்ல எல்லாம் மூஞ்சி தெரிஞ்ச ஆளாயிடும்.

கூட்ஸுல தலைவலி இல்லாம இல்ல. முதல்ல மாஸ்ட். ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒரு கம்பம், மேல ஒயர், என்ஜின் மூஞ்சி மேல சரியா ஒரு கம்பத்தோட நிழல் விழும். வளைவோட வெளிப்பக்கம் நின்னு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல என்ஜின் வர்ற வரைக்கும் பொறுத்திருந்து அழுத்தணும், படபடன்னு தொடர்ந்து எடுக்கற பர்ஸ்ட் மோடுல தட்டிவிட்டுட்டு பின்னாடி பொறுக்கறதும் ஒரு வழி. அடுத்தது எல்இடி ஹெட்லைட், பகல்லயும் எரியும், வெளிச்சத்த அளக்கற கேமரா மீட்டர ஏமாத்திரும், எக்ஸ்போஷர கொஞ்சம் கைலயே வெச்சுக்கறது நல்லது. ஷட்டர் 1/1000-க்கு கீழ போனா நம்பர் படிக்க முடியாது. அப்பறம் ரேக்கோட, அதாவது முழு வண்டியோட நீளம், 58 வேகன் பாக்ஸ்என்னா 650 மீட்டருக்கு ஒட்டி வரும், அத பூரா ஒரே ஃப்ரேம்ல கொண்டுவர உயரமான எடம் வேணும். ரோடு ஓவர்பிரிட்ஜ் இருக்கு, ஆனா ஒயருக்கு நேர் மேல கம்பி வலை போட்டிருப்பாங்க, அதுக்குத் தள்ளி ஓரமா நின்னு பாத்தாதான் உண்டு.

வெளியூர் கதைய பத்தி நான் ரொம்ப அடிச்சுப் பேச மாட்டேன். டார்ஜிலிங்ல ஜாய் ரைடுன்னு ஊருக்கும் கூம் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு நாள்லயே பல தடவ ஸ்டீம் ஓட்டறாங்க, லைனும் ரோடு ஓரத்துலயே போகுது, அங்க குடியிருந்தா நான் இந்தக் கட்டுரைய தலைகீழாகூட எழுதிருப்பேன். நான் அங்க கேமராவோட நின்னதில்ல. அதே மாதிரி ராஜஸ்தான் பக்கம் சரக்குக்குன்னே தனியா போட்ட காரிடார்ல ஒயருக்குக் கீழயே கன்டெய்னர் மேல கன்டெய்னர் அடுக்கி ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டி ஓடுது, 2021-ல ஆரம்பிச்சது, வீடியோல பாத்துதான் வாயப் பொளந்தேன். ரெண்டும் என் அனுபவத்துக்கு வெளிய.

வீடியோ எடுக்கறவங்களுக்கு மட்டும் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அவங்க நேரா மலைக்குப் போயிடலாம். வழில ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க நிக்கறப்ப ஜனம் இறங்கி வடை டீ வாங்கறது, குரங்கு வந்து வடைய பிடுங்கறது, கிளம்பறப்ப அந்த சத்தம் பள்ளத்தாக்குல திரும்பி வர்றது, இதுக்கெல்லாம் வெளிச்சம் சரியில்லைன்னாலும் பரவால்ல. டிக்கெட் கிடைச்சா முன்னாடி பெட்டில ஜன்னல் சீட்டு பாருங்க, வளைவுல பின்னாடி தள்ளிட்டு வர்ற என்ஜின் முழுசா தெரியும். கிடைக்கறதுதான் கஷ்டம், 60 நாள் முன்னாடி புக்கிங் திறக்கறப்பவே தீந்துரும். கார்ல துரத்திட்டுப் போறவங்க இப்ப நீலகிரிக்கு இ-பாஸ் வேணும்ங்கறத மறந்துராதீங்க, ரோட்டுல இருந்து லைன் பல எடத்துல பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்.

எது எடுத்தாலும் தண்டவாளத்துல இறங்காதீங்க. ரயில்வே சட்டம் 147-ல அத்துமீறி நுழைஞ்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேந்தும் போடலாம். சட்டத்த விடுங்க, மேல ஓடறது 25,000 வோல்ட், செல்ஃபி ஸ்டிக்க தூக்கிப் பிடிக்கற எடம் இல்ல அது. மதுக்கரை தாண்டி வாளையாறு வரைக்கும் பின்னணி மலையோட அட்டகாசமா இருக்கும், ஆனா யானை நடமாட்டம், லைன் ஓரம் யானை வருதான்னு பாக்க 2024-ல ஏஐ கேமராவே வெச்சிருக்காங்க, அந்தக் காட்டுக்குள்ள போறத விட்டுட்டு எட்டிமடை ஸ்டேஷன் பிளாட்பார்மோட நிறுத்திக்கறது உத்தமம். ஸ்டேஷன்ல பெரிய கேமராவப் பாத்துட்டு எதுக்கு எடுக்கறேன்னு கேக்கத்தான் செய்வாங்க. ஒரு எடத்துல ஒருத்தர் மெமரி கார்ட கழட்டச் சொல்லி ஒரே ரகளை, எடுத்த படத்த காட்டி, இந்த என்ஜின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்திருக்குன்னு சொன்னதும் அவரே அடுத்த வண்டி எப்பன்னு விசாரிச்சு சொல்லிட்டுப் போனாரு. எல்லா எடத்துலயும் அப்படி முடியும்னு கேரண்டி இல்ல, முதல்லயே ஸ்டேஷன் மாஸ்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

புதுசா ஆரம்பிக்கறவங்க லென்ஸ் கேக்கறாங்க. கூட்ஸுக்கு 70-200 எம்எம் ஜூம், எஃப்4 செகண்ட் ஹேண்டே தாராளம், வெயில்லதான நிக்கப் போறீங்க. வாங்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள ஃபங்கஸ் இருக்கான்னு பாருங்க, மலைப்பக்கம் ஈரத்துல கிடந்த லென்ஸா இருந்தா கண்டிப்பா பாக்கணும். மலைக்கு கேமராவோட வந்த கிட் லென்ஸே போதும், அங்க வண்டி கைக்கெட்டற தூரத்துலதான் போகும். பட்ஜெட் ஒண்ணுக்குத்தான்னா 70-200 வாங்கிட்டு இருகூர் பக்கம் வாங்க, சாயங்காலம் நாலரைக்கு மேல.